மூன்றில் ஒன்று வேறு

முதலில் நான் குடிக்கிறேன் என்று சொல்ல வேண்டியவன் முதலில் நீங்க சொல்லுங்க மாமா என்கிறான், அப்படியென்றால் இதில் ஏதோ இருக்கிறது என்று ஆறுச்சாமி நினைத்துக்கொண்டார். மேசைமேல் மூன்று கண்ணாடித் தம்ளர்கள் வரிசையாக நின்றன. மூன்றிலும் ஒரே நிறம், காப்பியா தேயிலைத் தண்ணியா என்று சொல்ல முடியாத ஒரு சிவப்பு. பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. நான்காவதாக ஒரு தம்ளரில் வெறும் வெந்நீர். அது குடிப்பதற்கில்லை, ஒவ்வொரு தரம் உறிஞ்சிய பிறகும் கரண்டியை அதில் முக்கிக் கழுவ வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருத்தன் மாமனாரை உட்கார வைத்து இப்படித் தம்ளர் அடுக்குகிறான் என்றால் அது உபசாரமா? மருமகன் தினகரன் எதிர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, காப்பியைப் பார்க்காமல் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மில்லில் வேலையை அளக்க வருகிற ஆபீஸ் ஆள் இப்படித்தான் மெஷினை விட்டுவிட்டு மெஷின்காரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான், அடுத்த மாதம் இரண்டு பேர் வேலை ஒருத்தன் தலையில் விழும். அந்த ஆளின் பெயர்கூட ஆறுச்சாமிக்கு மறக்கவில்லை. எந்தப் பெயரும் மறந்ததில்லை. ஜன்னல்களையெல்லாம் வேறு சாத்தியிருந்தான். ஏனுங்க மாப்ள என்று கேட்டதற்கு, வாசனை வெளிய போயிரக் கூடாதுங்க மாமா என்றான். கரண்ட் இல்லை, ஃபேன் ஓடவில்லை, ஆறாவது மாடி, ஜன்னல் சாத்தியிருக்கிறது, எதிரில் இவன். சட்டைக்குள் வியர்வை ஊர்ந்தது. இடுப்பில் பச்சை பெல்ட்டின் பைக்குள் தன்னுடைய சிங்காநல்லூர் வீட்டுச் சாவி இருந்த இடத்தை முழங்கையால் ஒரு தரம் அழுத்திப் பார்த்துக்கொண்டார். இருந்தது.

வாசனை. அந்த வார்த்தையை இந்த வீட்டில் யார் சொன்னாலும் அவர் பேச்சை மாற்றிவிடுவார். ஆறுச்சாமிக்கு வாசனை தெரியாது. எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை, இருட்டுகிறபோது எந்த நிமிஷத்தில் இருட்டியது என்று தெரியாதது மாதிரி. ஒருநாள் மனைவி ருக்குமணியின் பெட்டியைத் திறந்தார், அவள் போன பிறகு எப்போதாவது திறப்பதுதான், சேலைகளுக்கு நடுவில் முகத்தை வைத்தார், துணி மட்டும்தான் இருந்தது. ரசகற்பூர உருண்டைகூட இல்லாமல் போய்விட்டதா என்று கையை விட்டுத் துழாவினார். உருண்டை கையில் வந்தது, கெட்டியாக, வெள்ளையாக. மூக்குக்குக் கீழே வைத்தார். சுண்ணாம்புக் கட்டியை வைத்தது போலிருந்தது. பெட்டியை மூடிவிட்டு வெகுநேரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார், யாரோ உள்ளே புகுந்து அவளை எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று தெரியாதா? கூட மில்லில் வேலை பார்த்த, காது போன காளியப்பனை மகன் கூட்டிக்கொண்டு போனான், வீடு வாடகைக்குப் போயிற்று, காளியப்பன் இப்போது ஏதோ ஒரு பால்கனியில் உட்கார்ந்து புறாவை விரட்டிக்கொண்டிருக்கிறான். அப்புறம்தான் அந்தப் பால் பொங்கின விவகாரம். பொங்கி அடுப்பு அணைந்தது, கேஸ் வந்துகொண்டே இருந்தது, இவர் கூடத்தில் பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு டெய்லர் கனகராஜ் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். வந்தவன் அடுப்பைத் திருகி மூடிவிட்டுப் போக வேண்டியதுதானே, ஏனுங்க பெரியவரே மூக்கு கீக்கு இருக்குதா இல்லையா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டான். சளி பிடிச்சிருக்குதப்பா என்றார் இவர். அன்று சாயங்காலமே மகள் வாணி பையோடு வந்து நின்றாள். கொஞ்ச நாளைக்கு எங்ககூட இருங்கப்பா. யார் சொல்லியிருப்பார்கள்? கனகராஜின் நாக்கு. அவன் தைத்த சட்டையை இனி போடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், இன்று போட்டிருப்பதும் ரெடிமேட்தான். வந்த மறுநாளே வாணி, சாவியை எங்கிட்டக் குடுத்து வைங்களேன்ப்பா, தொலைஞ்சு போயிரும் என்றாள். காதில் விழாதவர் போல எழுந்து போனார். கேட்டது வாணி. கேட்கச் சொன்னது யார்?

வாணி இருந்தால் இவன் இப்படி முறைத்துப் பார்க்க மாட்டான். அவள் மொட்டை மாடிக்குத் துணி காயப் போடப் போயிருந்தாள். போகுமுன்பு அவளுந்தான் இந்தக் கூத்தில் கூட்டு. இரண்டு பொட்டலங்கள், ஒன்று ஏற்காட்டுக் கொட்டை, இன்னொன்று எங்கேயோ கடல் கடந்து எத்தியோப்பியாவிலிருந்து வந்தது. இரண்டும் வறுத்தும் வறுக்காதது போல நிலக்கடலைத் தோல் நிறத்தில் இருந்தன. வறுக்கத் தெரியாதவன் பாதியில் இறக்கிவிட்டான் என்றுதான் இவர் நினைத்தார். இல்லீங்க மாமா, இளவறுவல், இப்படி வறுத்தாத்தான் கொட்டையோட சொந்த வாசம் தங்கும், கருக வறுத்தா எல்லாம் ஒண்ணுபோல ஆயிரும் என்றான் தினகரன். இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து ரேஸ்கோர்ஸ் பக்கம் காப்பி வறுக்கும் கடை போடப் போகிறான். அவரு மூக்கை அடிச்சுக்க ஆளில்லைப்பா, கண்ணைக் கட்டிவிட்டாக்கூட எந்த மலைன்னு சொல்லிப் போடுவாரு என்று வாணி அக்கம்பக்கத்திலெல்லாம் பெருமை பேசுகிறாள். அப்பேர்ப்பட்ட மூக்கு இருக்கிறவனுக்கு ஐந்தாம் வகுப்போடு நின்ற மில்காரனின் மூக்கு எதற்கு? இன்றைய விளையாட்டு இது: மூன்று தம்ளரில் இரண்டு ஒரே கொட்டை, ஒன்று மட்டும் வேறு. எது வேறு என்று மோந்தும் குடித்தும் சொல்ல வேண்டும். தூள் போட்டவள் வாணி. வேறாக இருக்கிற தம்ளரின் அடியில் தன் நெற்றியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருந்தாள், கடைசியில் தூக்கிப் பார்த்துச் சரியா தப்பா என்று தெரிந்துகொள்வதற்கு. அவள் ஒட்டும்போது தினகரன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அப்பா, நீங்களுந்தான், கண்ணை மூடுங்க என்றாள். மூடினார். ஆனால் அவர்களுக்குள் முன்கூட்டியே பேசி வைத்திருக்க மாட்டார்களா? நடுவுல வெக்கறேன், உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, அப்பாவைச் சொல்ல விடுங்க, சொல்லத் தெரியலைன்னா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிரலாம். மகளின் குரலில் அது தலைக்குள் அத்தனை தெளிவாகக் கேட்டது, உண்மையாகவே எங்கேயோ கதவோரம் நின்று கேட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“மேல படிஞ்சிருக்கற தூளைக் கரண்டியால ஒடைக்கணுங்க மாமா. ஒடைக்கற அந்த நேரத்துலதான் வாசம் வரும். மூக்கைக் கிட்ட வெச்சுக்குங்க.” தினகரன் முதல் தம்ளரை இவர் பக்கம் நகர்த்தினான். ஆறுச்சாமி குனிந்தார். மூக்கு நுனியில் ஆவி சுட்டது, அவ்வளவுதான். ஈரம், சூடு, அதற்கப்பால் சுவர். கரண்டியால் தூளை உடைத்தபோது நுரை விலகி உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. இப்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? வாசனை வருகிறவன் முகம் எப்படி இருக்கும்? ருக்குமணி புளிக்குழம்பு தாளிக்கும்போது தன் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தார், தன் முகத்தைத் தான் எங்கே பார்த்தார். கண்ணை லேசாக மூடிக்கொண்டு, புருவத்தை ஏற்றி, ம்ம் என்றார். எதிரில் தினகரனும் அதே போல ம்ம் என்றான். கேலியோ? நிமிர்ந்து பார்த்தார். கேலி தெரியவில்லை. கேலி செய்கிறவன் அதைக் காட்டிக்கொள்ளவா செய்வான். இவனுடைய அப்பன் காட்டிக்கொண்டான். நிச்சயத்தன்று தட்டில் வைத்த காப்பித்தூள் பொட்டலத்தை மோந்துபார்த்து, சிக்கரி கொஞ்சம் தூக்கலுங்களோ சம்பந்தி என்று நாலு பேர் சிரிக்கச் சொன்னான். அதைக்கூட விட்டுவிடலாம். கல்யாணம் முடிந்து முதல் தரம் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு ருக்குமணி காப்பி கொடுத்தாள். புதுத் தம்ளர், புதுப் பால். இவன் பாதி குடித்துவிட்டுப் பாதியை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போனான். அவள் அந்தப் பாதித் தம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றாள். நல்லா இல்லியாட்ட இருக்குதுங்க என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு. அவ்வளவுதான் அவள் சொன்னது. அந்தப் பாதித் தம்ளர் இன்றுவரை ஆறுச்சாமியின் நெஞ்சுக்குள் ஆறிப்போய் உட்கார்ந்திருக்கிறது. செத்தவள் மறந்திருப்பாள். அவளுக்கும் சேர்த்து இவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

கரண்டியில் எடுத்து உறிஞ்ச வேண்டும். மெதுவாக இல்லை, சத்தம் வர, ரசத்தை உறிஞ்சுவது போல, நாக்கெல்லாம் தெறிக்கிற மாதிரி. தினகரன் சர்ரென்று உறிஞ்சிக் காட்டினான். படித்தவன், ஆபீஸில் வேலை பார்க்கிறவன், வீட்டில் இவர் தட்டில் சத்தம் வந்தால் ஓரக்கண்ணால் பார்க்கிறவன், இப்போது பன்னி தவிடு குடிக்கிற மாதிரி உறிஞ்சுகிறான், அதற்குப் பெயர் ரசனையாம். இவரும் உறிஞ்சினார். புளிப்பு. நாக்குக்கு இன்னும் உயிர் இருந்தது, புளிப்பு கசப்பு உப்பு இனிப்பு தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. இரண்டாவதும் புளிப்பு. கரண்டியைக் கழுவினார். மூன்றாவதும் புளிப்பு. ஒரு தெருவில் மூன்று தரம் போய் வந்தது போலிருந்தது. தினகரனும் மூன்றையும் உறிஞ்சிவிட்டுத் துப்பவும் இல்லை, சொல்லவும் இல்லை, கன்னத்தில் அடக்கிக்கொண்டு இவரையே பார்த்தான். இவர் அவனைப் பார்த்தார். அவன் முகத்தில் எதிலாவது ஒரு சுளிப்பு, ஒரு மலர்ச்சி, எதிலாவது ஒன்றில் கரண்டி ஒரு நொடி அதிகம் தங்கினால் போதும், அதையே சொல்லிவிடலாம் என்று காத்திருந்தார். ஒன்றும் தங்கவில்லை. கல்லு மாதிரி வைத்திருந்தான் முகத்தை. எத்தனை அழுத்தம் இருக்க வேண்டும். நேற்று ரசத்தில் பெருங்காயம் அள்ளி விழுந்துவிட்டது என்று வாணியே மூக்கைப் பிடித்துக்கொண்டாள், இவன் வாயைத் திறக்காமல் இரண்டு கரண்டி வாங்கிக் குடித்தான். போன வாரம் உப்புமா அடிப்பிடித்தபோதும் அப்படித்தான். குறை சொல்லியே பழகினவன் திடீரென்று குறை சொல்லாமல் இருந்தால் அவன் மனதில் வேறு ஏதோ பெரிய காரியம் ஓடுகிறது என்று அர்த்தம். சிங்காநல்லூரில் இரண்டு சென்ட் என்றால் இன்றைக்குச் சும்மாவா.

“அவசரமில்லீங்க மாமா. எது வேறன்னு தோணுது?” “நீங்க சொல்லுங்க மாப்ள, நீங்கதானே கெட்டிக்காரர்.” “இல்லீங்க, நான் சொன்னா நீங்க அதையே புடிச்சுக்குவீங்க. பெரியவங்க, நீங்க முதல்ல.” “எனக்கென்னங்க தெரியும், மில்லுல டீ குடிச்ச நாக்கு.” “அந்த நாக்குத்தாங்க மாமா சுத்தமா இருக்கும்.” இப்படி ஒருத்தரை ஒருத்தர் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள், பள்ளத்தைத் தாண்டப் போகிற இரண்டு பேர் போல. அப்போதுதான் ஆறுச்சாமிக்கு அந்த யோசனை வந்தது. முதல் தம்ளரை எடுத்துக் குடிக்கிறவர் மாதிரி உயர்த்தி, அடியில் விரலை ஓட்டினார். வழவழப்பு. வைத்தார். இரண்டாவது. நடுவிரல் நுனியில் ஏதோ தடுக்கியது, வட்டமாக, மெத்தென்று. பொட்டு. நடுத்தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாகக் கரண்டியைக் கழுவினார், மூன்றாவதை ஒரு தரம் சும்மா உறிஞ்சினார், மேல்கூரையைப் பார்த்தார். “நடுவுல இருக்கறதுதானுங்க மாப்ள.” தினகரனின் வாய் லேசாகத் திறந்துகொண்டது. “எப்படிங்க மாமா?” என்றான். அந்தக் குரலில் ஆச்சரியம் இருந்தது, அதற்கடியில் வேறொன்றும் இருந்தது, பஸ்ஸைத் தவறவிட்டவன் குரல் மாதிரி. ஏமாந்து போனான் பார், என்று மனம் துள்ளிய அதே நேரம் விரல்நுனியில் என்னவோ உறுத்தியது. குனிந்து பார்த்தால், மெரூன் நிறப் பொட்டு அவருடைய நடுவிரலிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. தம்ளர் சூட்டில் பசை இளகியிருக்கிறது. கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டார். இப்போது வாணி வந்து தூக்கிப் பார்த்தால் எந்தத் தம்ளரிலும் பொட்டு இருக்காது. திருடின பொருள் கையிலேயே இருக்கிறது. மறுபடி ஒட்ட வேண்டும், இவன் கண்ணை எடுக்க மாட்டேனென்கிறான். அல்லது, கையோடு வரட்டும் என்றுதான் பசை போன பழைய பொட்டாகப் பார்த்து ஒட்டினார்களோ?

“அதுல என்னங்க மாமா வாசம்? மத்ததுல இல்லாதது?” விடமாட்டான். வக்கீல் மாதிரி அடுத்த கேள்வி. ஆறுச்சாமி வாய்க்கு வந்ததைச் சொன்னார். “நார்த்தங்காய்.” தினகரன் உடனே நடுத்தம்ளரில் கரண்டியை விட்டு உறிஞ்சினான், கண்ணை மூடினான். “ஆமாங்க மாமா. நார்த்தங்காய்தான். சரியாச் சொன்னீங்க.” ஆறுச்சாமிக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது, புளிப்பென்றால் நார்த்தங்காய், பெரிய வித்தையா என்ன. அப்புறம் அந்தப் பெருமையில் ஒரு முள் தைத்தது. இவர் எந்த வாசனையையும் காணவில்லையே, காணாததை இவன் எப்படிக் கண்டான்? “அதோட...” என்று இழுத்தார், “கொஞ்சம் நனைஞ்ச பஞ்சு மூட்டை வாசம்.” மழையில் நனைந்து கொடவுனில் கிடந்து புழுங்கின பஞ்சு, நாய்கூடக் கிட்டே போகாது. காப்பியில் அது இருப்பதாக எந்த மடையனும் ஒத்துக்கொள்ள மாட்டான். தினகரன் மறுபடி உறிஞ்சினான். தலையை ஆட்டினான். “இருக்குதுங்க மாமா. கடைசியில வருது. நனைஞ்ச பஞ்சு. எனக்குச் சொல்லத் தெரியல, நீங்க சொல்லிட்டீங்க.” அதை வாய்க்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான், கடைக்குப் போகிற பையன் சாமான் பெயரைச் சொல்லிக்கொண்டே போவது மாதிரி. சமையலறையில் உஸ்ஸென்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. அடுத்த சுற்றுக்கு ஏனம் நிறையத் தண்ணீர் வைத்து மூடியிருந்தான். ஆறுச்சாமி அந்தச் சத்தத்தைக் கேட்டார், கேட்டும் அது காதோடு நின்றுவிட்டது. மனம் முழுக்க இந்த ஒத்துக்கொள்ளலிலேயே சிக்கிக்கொண்டு கிடந்தது. ஏன் ஒத்துக்கொள்கிறான்? பைத்தியக்காரன் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவார்கள். ருக்குமணியின் அண்ணனுக்குப் புத்தி தடுமாறினபோது, வெளியில யானை நிக்குது என்பார், ஆமாங்க நிக்குது என்பார்கள் எல்லோரும், சொல்லிக்கொண்டே கதவைத் தாழ் போடுவார்கள். அதுதானா? மூக்கு போனது மட்டுமில்லை, புத்தியும் போய்விட்டது என்று எழுதி வைக்கப் போகிறார்களா? பஞ்சு வாசம்னு சொன்னாரு வாணி, நானும் ஆமான்னுட்டேன், என்னத்தப் பண்றது என்பான். அவள் அழுவாள். அழுதுகொண்டே சாவியைக் கேட்பாள்.

“தண்ணி கொதிச்சிருக்கும், அடுத்தது எத்தியோப்பியாவை மட்டும் தனியாப் பாப்பங்க மாமா” என்று தினகரன் எழுந்து சமையலறைப் பக்கம் போனான். முதுகு திரும்பியதும் ஆறுச்சாமி நடுத்தம்ளரைக் கவிழாமல் தூக்கி அடியில் பொட்டை அழுத்தினார். ஒட்டவில்லை. எச்சில் தொட்டு அழுத்தினார். விழுந்தது. மேசை அடியில் குனிந்து தேடி எடுத்து மறுபடி அழுத்தினார். “அட, அடுப்பு அணைஞ்சு கெடக்குது” என்றான் தினகரன் உள்ளேயிருந்து, யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வது போல. ஏனத்தைத் தூக்கி வைக்கிற சத்தம். லைட்டரைத் தேடுகிற சத்தம். வாசற்கதவு திறந்தது. வாணி காலி பக்கெட்டோடு உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றாள். ஆறுச்சாமி தம்ளரைச் சட்டென்று கீழே வைத்தார், பொட்டு விரலில். அவள் இவரைப் பார்க்கவே இல்லை. “கேஸ்!” என்று கத்தினாள். “ஏங்க! தொடாதீங்க! லைட்டரைக் கீழ போடுங்க! எதையும் அழுத்தாதீங்க!” பக்கெட் உருண்டது. அவள் ஓடினாள். ஆறுச்சாமி எழுந்து சமையலறை வாசலுக்குப் போனபோது தினகரன் அடுப்புக்கு முன்னால் லைட்டரைப் பிடித்தபடி நின்றான், கட்டைவிரல் அதன் பொத்தான்மேல் இருந்தது, அழுத்துவதற்கு ஒரு நூல் இடைவெளி. வாணி அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தூர எறிந்தாள், அடுப்பைத் திருகினாள், கீழே குனிந்து சிலிண்டரை மூடினாள். மூடின கை மூடினபடியே ரெகுலேட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தது, விட மறந்துவிட்டது போல.

அவள் நிமிர்ந்ததும் முதலில் வந்த வார்த்தை, “அப்பா, மறுபடியுமா?” தெரியும். இதற்குத்தான் ஆறுச்சாமி இத்தனை நாளாகக் காத்திருந்தார். எந்த வீட்டில் எந்த அடுப்பு அணைந்தாலும் இனிமேல் இந்தக் கேள்வி இவரைத் தேடித்தான் வரும். ஆனால் தினகரன், “மாமா எந்திரிக்கவே இல்ல வாணி. தண்ணி வெச்சது நான்” என்றான். ஏன் சொன்னான்? சும்மா நின்றிருந்தால் போதுமே, காரியம் தானாக முடிந்திருக்குமே. “வெச்சது நீங்க, சரி. வாசம்? எனக்கு மாடிப்படியிலயே வருது, நீங்க அடுப்பு முன்னால நின்னுட்டு கையில லைட்டரை வெச்சிருக்கறீங்க! எந்த மலைக் காப்பின்னு சொல்ற மூக்கு, இது தெரியலையா?” “காப்பி வாசத்துல... தெரியல.” “ரெண்டு பேருக்குமா?” அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஜன்னல்களைத் திறக்க உள்ளறைகளுக்கு ஓடினாள். கொக்கிகள் படபடவென்று விழுகிற சத்தம் ஒவ்வொரு அறையாகக் கேட்டது.

தினகரன் மேசைக்கு வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உதடு வெளுத்திருந்தது. ஆறுச்சாமி அவன் முகத்தைப் பார்த்தார், ரசத்தையும் உப்புமாவையும் நினைத்தார், நனைந்த பஞ்சை நினைத்தார். ஒன்று புரிகிற மாதிரி வந்து, புரிந்ததை நம்பாதே என்றது மனம். இதுவும் நடிப்பாக இருக்கலாம், உன் வாயாலேயே சொல்ல வைக்க. மேசைமேல் கரண்டி கழுவின தம்ளர் இருந்தது. இத்தனை முக்கு முக்கியதில் அந்தத் தண்ணீரும் மற்ற மூன்றையும் போலவே சிவந்திருந்தது. கரண்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு அந்தத் தம்ளரை அவன் மூக்குக்குக் கீழே நீட்டினார். “கண்ணை மூடிட்டு மோந்து சொல்லுங்க மாப்ள. இதுல என்ன வாசம்?” தினகரன் கண்ணை மூடினான். மூச்சை ஆழமாக இழுத்தான், மறுபடி இழுத்தான், ஜுரக்காரன் ஆவி பிடிப்பது போல. “நார்த்தங்காய் இருக்குதுங்க மாமா” என்றான் மெல்ல. நிறுத்தினான். “கொஞ்சம்... நனைஞ்ச பஞ்சு.” “கரண்டி கழுவின தண்ணிங்க” என்றார் ஆறுச்சாமி. தினகரன் கண்ணைத் திறக்கவில்லை. திறக்காமலே, “காய்ச்சல் வந்துச்சில்லீங்களா, அதுல போனதுங்க மாமா. வந்துரும் வந்துரும்னு இருக்கறேன். கடை என் மூக்கை நம்பித்தான் போடறாங்க. நீங்க ஏதாச்சும் சொன்னா, அதை வெச்சு ஒப்பேத்திக்கலாம்னு...” என்றான். கண்ணைத் திறந்தபோது இவரை அல்ல, நடுத்தம்ளரைப் பார்த்தான். “நீங்க மட்டும் எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?” ஆறுச்சாமி கட்டைவிரலை நகர்த்தினார். நடுவிரல் நுனியில் மெரூன் பொட்டு இருந்தது. தினகரன் அதை வெகுநேரம் பார்த்தான். முதலில் புரியாமல், பிறகு புரிந்து, நடுத்தம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டு வைத்தான்.

பிடி கிடைத்துவிட்டது. இவனுடைய அப்பன் சிரித்த சிரிப்புக்கும், தொட்டியில் ஊற்றின பாதித் தம்ளருக்கும் ஈடாக, ஒரே ஒரு வார்த்தை போதும். உன் புருஷனுக்குத்தான் அம்மிணி மூக்கு இல்ல. வாணி அப்பாவை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்துத் திரும்புவாள், சாவி இடுப்பிலேயே இருக்கும். அந்த வார்த்தை நாக்கில் வந்து உட்கார்ந்து, புளித்தது. ஆனால் அவருக்குக் கண்முன்னால் நின்றது அந்தக் கட்டைவிரல். பொத்தான்மேல் ஒரு நூல் இடைவெளியில் இருந்த விரல். வாணி மாடிப்படியில் இன்னும் நாலு படி மேலே இருந்திருந்தால்? கதவைத் திறக்கிற நேரத்தில் அவன் அழுத்தியிருந்தால்? இரண்டு ஆண்கள், இரண்டு மூக்கு, நடுவில் ஒரு பெண் துணி காயப் போட்டுவிட்டு வருகிறாள். இத்தனை நேரம் சாவியைத் தடவிக்கொண்டிருந்த முழங்கையை நினைத்து அவருக்கே அசிங்கமாக இருந்தது. கடைசி ஜன்னலும் திறந்த பிறகு வாணி வந்து நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நெசத்தைச் சொல்லுங்க. யாருக்கு வாசம் தெரியல?”

“எனக்குத் தெரியாது அம்மிணி. சளியெல்லாம் இல்ல. ரொம்ப நாளாவே தெரியாது” என்றார் ஆறுச்சாமி. பெல்ட்டின் பையைத் திறந்து சாவியை எடுத்துத் தம்ளர்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அது கண்ணாடியில் இடித்து டிங்கென்றது. இத்தனை நாள் இடுப்பில் கனத்தது மேசையில் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பார்த்தார். வாணி சாவியைத் தொடவில்லை. “இவருக்கு?” என்றாள். தினகரன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திறந்த ஜன்னல் வழியாகக் காற்று வந்தது, அது எதையாவது கொண்டுவந்ததா கொண்டுபோனதா என்று இரண்டு ஆண்களுக்கும் தெரியாது. “அவரே சொல்லுவாரு” என்றார் ஆறுச்சாமி. சொல்லிவிட்டு, காலையிலிருந்து அவன் இவர் முகத்தைப் பார்த்தது போல, இப்போது இவர் அவன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். சொல்லாமல் போனால் அதையும் அந்தப் பாதித் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நெஞ்சில் இடம் இருந்தது. சொல்லிவிட்டால் என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.